கோச் ஹாவ்லிக் தோற்ற கூட்டம்

வில்லோ ஃபோர்க் பள்ளியில் வெகுகாலம் வரலாறு நடத்திய மிஸஸ் ஸ்டூர், முட்டிவலிக்கு வெயில்தான் மருந்து என்று டாக்டர் சொல்லிவிட்டதால், ஆகஸ்ட் மாத நடுவில் அரிசோனாவுக்கு மூட்டை கட்டிவிட்டார். பள்ளி திறக்க இரண்டு வாரம்கூட இல்லை. சோளக்காட்டுக்கு நடுவில் கிடக்கும் நெப்ராஸ்கா ஊருக்கு அந்த நேரத்தில் எந்த வாத்தியார் வருவார்? பிரின்ஸிபால் ரே ஸ்டோல் கொஞ்சம் யோசித்தார். பிறகு நேராக விளையாட்டு மைதானத்துக்கு நடந்தார். அங்கே கோச் வெர்ன் ஹாவ்லிக், கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஃபுட்பால் பையன்களை வெயிலில் விரட்டிக்கொண்டிருந்தார்.

“வெர்ன், உன் சர்டிஃபிகேட்டை எடுத்துப் பாத்தேன். உடற்கல்வியும் சமூக அறிவியலும்னு போட்டிருக்கு.”

“அது அந்தக் காலத்துல எல்லா கோச்சுக்கும் போட்டுக் குடுத்தாங்க, ரே. சூப்புல உப்பு தூவுற மாதிரி.”

“போட்டிருக்கில்ல? பன்னெண்டாம் வகுப்புக்கு அமெரிக்க வரலாறும் குடிமையியலும் இனிமே நீதான்.”

“எனக்கு அரசியல் சட்டத்தைப் பத்தித் தெரிஞ்சதே ரெண்டு விஷயம். ஒண்ணு, அது ரொம்பப் பழசு. இன்னொண்ணு, அந்தப் பரீட்சையில நான் மயிரிழையில பாஸ் பண்ணேன்.”

“இந்த வருஷம் அதுக்கு இருநூறு வயசு ஆகுதாம். கொண்டாடணும்னு சர்க்குலர் வந்திருக்கு. நீ கொண்டாடு,” என்று சொல்லிவிட்டு ஸ்டோல் போய்விட்டார்.

வெர்னுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. மேற்கே மணல்மேட்டுப் பக்கம் ஒரு மாட்டுப் பண்ணையில் பிறந்தவர். கதவு நிலையை அடைத்துக்கொண்டு உள்ளே வரும் உடம்பு. வாயைத் திறப்பதைவிட விசில் ஊதுவது அதிகம். வாலிபத்தில் இந்த ஊருக்குக் கோச்சாக வந்தார். கூட்டுறவுத் தானியக் கிடங்கில் லாரிகளுக்கு எடை போட்டுக்கொண்டிருந்த லொரெட்டாவைப் பார்த்தார். அதற்குப் பிறகு வேறு ஊருக்கு வேலை தேடவே இல்லை. குழந்தைகள் இல்லை. யாராவது கேட்டால், “வருஷா வருஷம் பதினெட்டுப் பேர் வர்றாங்களே, போதாதா?” என்பார்.

அவருக்கு ஒரே ஒரு தீராத ஆசை இருந்தது. மைதானத்துக்கு விளக்குக் கம்பங்கள் வேண்டும். விளக்கு இல்லாததால் வில்லோ ஃபோர்க்கின் ஆட்டங்கள் வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கே தொடங்கிவிடும். இலையுதிர்காலத்தில் அந்த நேரத்தில் ஊரின் அப்பாக்கள் எல்லோரும் அறுவடை இயந்திரத்தின் மேல் இருப்பார்கள், அம்மாக்கள் தானிய லாரி ஓட்டிக்கொண்டிருப்பார்கள். பந்தை அணைத்துக்கொண்டு உயிரைக் கொடுத்து ஓடி எல்லைக்கோட்டைத் தாண்டுகிற பையன், எழுந்து நின்று முதலில் பார்ப்பது பார்வையாளர் உட்காரும் மரப்படிகளைத்தான். அங்கே நாலைந்து கிழவர்களும் யாரோ ஒருவரின் நாயும் உட்கார்ந்திருக்கும். பையனின் முகம் அந்த ஒரு நொடி எப்படி வாடும் என்பது வெர்னுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த வசந்தத்தில் ஓட்டோ க்ரிஸ் என்ற கல்யாணமாகாத விவசாயி இறந்துபோனார். தன் சேமிப்பை ‘ஊர் இளசுகளுக்கு’ என்று எழுதி ஊர்சபையிடம் விட்டுப் போனார். ஐந்து பேர் கொண்ட அந்த ஊர்சபையின் முன்னால் முதல் ஆளாகப் போய் நின்றது வெர்ன்தான். பனிக்காலம் முடியட்டும், பார்க்கலாம் என்றார்கள்.

இதற்கு நடுவில்தான் வரலாறு வந்து அவர் தலையில் விழுந்தது.

முதல் சில வாரங்கள் பாடப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாசித்தார். பின்வரிசையில் அவருடைய ஆட்டக்காரர்களே வாயைப் பிளந்து தூங்கினார்கள். முன்வரிசையில் மட்டும் ட்ரூடி மரெஷ் தூங்கவில்லை. அவள் பேக்கரிக்காரர் மகள். பென்சிலைக் கடித்துக் கடித்து உதட்டோரம் எப்போதும் மஞ்சள் பெயிண்ட் ஒட்டியிருக்கும். கோடை விடுமுறையில் ஊர் நீச்சல் குளத்தின் ஓரத்தில், உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, எந்தக் குழந்தையும் மூழ்கிவிடாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அந்தக் கண் வகுப்பிலும் சும்மா இருக்காது.

“கோச், நம்ம மாநிலத்துல ஆளைவிட மாடு ஜாஸ்தி. கலிஃபோர்னியாவுல கோடிக்கணக்குல ஜனம். ரெண்டுக்கும் ரெண்டு ரெண்டு செனட்டர்தான். இது எப்படி நியாயம்?”

“ரூல் அப்படிம்மா.”

“யார் போட்ட ரூல்?”

“பழைய ஆளுங்க.”

“அவங்க ஏன் அப்படிப் போட்டாங்க?”

வெர்ன் புத்தகத்தில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் புரட்டினார். நல்லவேளை, மணி அடித்தது.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் அவர் உருளைக்கிழங்கைக் கிண்டிக்கொண்டே உட்கார்ந்திருந்ததைப் பார்த்து லொரெட்டா விசாரித்தாள். சொன்னார்.

“எதிர் டீம் ஆட்டத்தை ஞாயித்துக்கிழமை பூரா ஃபிலிம் போட்டுப் பாக்குற,” என்றாள் அவள். “அந்தப் பையன் இடது காலை ஏன் அங்க வச்சான்னு பத்து தடவை பின்னாடி ஓட்டிப் பாக்குற. இந்தப் புத்தகத்தை மட்டும் ஏன் அடுத்த வீட்டுக் குழந்தை மாதிரி தூக்கி வச்சுக்கிட்டு முழிக்கிற?”

“இது ஆட்டம் இல்ல, லொரெட்டா.”

“அந்தச் சட்டத்தை எழுதறதுக்கு அம்பத்தஞ்சு ஆம்பளைங்க ஒரே ரூம்ல ஒரு கோடை முழுக்கச் சண்டை போட்டிருக்காங்க. அது ஆட்டம் இல்லேன்னா வேற என்னவாம்?”

வெர்ன் கிழங்கை வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்தார். அதில் போதாமல், மறுநாள் ஊர் நூலகத்தில் இருந்த இரண்டு தடித்த புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு வந்தார். படிக்கப் படிக்க அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. பெரிய மாநிலக்காரர்கள் ஆள் பலத்தைக் காட்டி அழுத்துகிறார்கள். சின்ன மாநிலமான டெலவேர்காரர்கள், அப்படியென்றால் எழுந்து வீட்டுக்குப் போகிறோம் என்று மிரட்டுகிறார்கள். வெளியே யார் காதிலும் விழக்கூடாது என்று ஃபிலடெல்ஃபியாவின் வேகாத வெயிலில் ஜன்னலை எல்லாம் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தோற்றுக்கொண்டிருக்கும் ஆட்டத்தின் இடைவேளையில் உடைமாற்றும் அறை எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது அது. பென்சிலை எடுத்து, ஆட்டத்துக்கு வியூகம் வரைவதுபோல, ஓரத்தில் வட்டமும் பெருக்கல் குறியும் போட ஆரம்பித்தார்.

செப்டம்பர் கடைசியில் வெயில் கொளுத்திய ஒரு மதியம், வகுப்புக்குள் வந்ததும் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார். கனத்த பையன்களை எல்லாம் ஒரு பக்கம் உட்காரவைத்து வர்ஜீனியா என்றார். அதற்குத் தலைவன், அணியின் முன்னணி ஆட்டக்காரன் லைல் ப்ரொகாஸ்கா. ஒல்லியான மூன்று பேரை மூலையில் போட்டு டெலவேர் என்றார். அதற்கு ட்ரூடி.

“நாட்டுக்கு ஒரு சபை வேணும். அதுல யாருக்கு எத்தனை ஓட்டுன்னு நீங்களே பேசி முடிங்க. முடிச்சா ஜன்னல் திறக்கும்.”

“முடிக்கலேன்னா?” என்றான் லைல்.

“இன்னிக்கு எனக்கு வேற வேலை இல்ல.”

கொஞ்ச நேரத்தில் சட்டைகள் முதுகோடு ஒட்டிக்கொண்டன. வர்ஜீனியா தலையை எண்ணு என்றது. டெலவேர் மாநிலத்தை எண்ணு என்றது. “நாங்க பதினோரு பேரு, நீங்க மூணு பேரு. எங்க ஓட்டும் உங்க ஓட்டும் எப்படி ஒண்ணாகும்?” என்று லைல் கத்த, “அப்ப நாங்க எதுக்கு உங்களோட சேரணும்? எங்க மூலையில எங்களுக்குக் காத்தாவது வருது” என்று ட்ரூடி நாற்காலியை நகர்த்தினாள். சத்தம் கேட்டு ஸ்டோல் கதவைத் தட்டினார்.

வெர்ன் தலையை மட்டும் வெளியே நீட்டினார். “இப்ப வராதீங்க, ரே. நாடு உருவாயிட்டிருக்கு.”

முகம் சிவந்து, தாகத்தில் நாக்கு வறண்ட பிறகு ட்ரூடிதான் கடைசியில் சொன்னாள்: “சபையை ரெண்டா வச்சுக்கலாம். ஒண்ணு உங்க கணக்கு, ஒண்ணு எங்க கணக்கு. ரெண்டுலயும் பாஸானாத்தான் சட்டம்.” லைல் சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “சரி, ஜன்னலைத் திற” என்றான். வெர்ன் எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு, “இதைத்தான் அவங்களும் பண்ணாங்க” என்றார். அப்போது யாரும் தூங்கவில்லை.

ஆனால் அடுத்த பாடத்தை அவர் தாண்டிப் போகவில்லை. அதே அறையில் அதே ஆட்கள், அடிமைகளின் தலையை எண்ணும்போது ஒரு ஆளுக்கு ஐந்தில் மூன்று பங்குதான் கணக்கு என்று முடிவு செய்ததையும் அன்றைக்கே படித்துக் காட்டினார். “அந்த ஜனங்ககிட்ட யாராவது கேட்டாங்களா, கோச்?” என்றான் லைல். “கேக்கல. அவங்க யாரும் அந்த ரூமுக்குள்ளயே இல்ல,” என்றார் வெர்ன். “ரூமுக்குள்ள யாரு இருக்கா, யாரு இல்லேன்னு முதல்ல பாக்கணும். நானும் இப்பத்தான் கத்துக்கிட்டேன்.”

அப்படித்தான் அந்த ஆண்டு போனது. அவர் ஒரு அத்தியாயம் முன்னால் ஓடினார், பிள்ளைகள் பின்னால் ஓடி வந்தார்கள். பனிக்காலத்தில் ‘நின்ற கரடி’ என்ற பெயருள்ள பொன்கா இனச் செவ்விந்தியத் தலைவரின் வழக்குக்கு வந்தார்கள். செத்துப்போன மகனைச் சொந்த மண்ணில் புதைக்க எடுத்து வந்ததற்காகச் சிப்பாய்கள் அவரைப் பிடித்து வைத்த கதை அது. செவ்விந்தியனும் சட்டத்தின் கண்ணில் மனிதன்தான் என்று நீதிபதி தீர்ப்புச் சொன்னது இதே மாநிலத்து ஒமாஹா நகரத்தில். வெர்ன் புத்தகத்தை மூடிவிட்டு, “இங்கேர்ந்து காரை எடுத்தா சாப்பாட்டு நேரத்துக்குள்ள போயிரலாம் அந்த இடத்துக்கு. எனக்கு இந்த வயசு வரைக்கும் ஒருத்தரும் சொல்லல,” என்றார். குரலில் நிஜமான கோபம் இருந்தது. அடுத்த சனிக்கிழமை பள்ளிப் பேருந்தைத் தானே ஓட்டிக்கொண்டு வகுப்பு முழுவதையும் ஒமாஹாவுக்குக் கூட்டிப் போனார்.

மார்ச் மாதம் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். ஆளுக்கொரு பொதுக்கூட்டத்துக்குப் போய், அங்கே என்ன நடந்தது என்று வந்து சொல்லவேண்டும். பெரும்பாலோர் ஊர்சபைக் கூட்டத்துக்கே போனார்கள். அங்கே பிஸ்கட் வைப்பார்கள்.

மறுநாள் காலை மணி அடிப்பதற்குள் ட்ரூடி வந்து அவர் மேசை முன்னால் நின்றாள்.

“ஓட்டோ க்ரிஸ் பணத்துல மைதானத்துக்கு விளக்கு போடப்போறாங்களாம், கோச். நீச்சல் குளத்துல விரிசல் விட்டிருக்குல்ல, அதை ரிப்பேர் பண்ண முடியாதாம். மண்ணைக் கொட்டி மூடிடுவாங்களாம். ஏப்ரல் கூட்டத்துல முடிவாம். உங்களுக்குத் தெரியுமா?”

வெர்னின் காது சிவந்தது. “விளக்கு நான்தான் கேட்டேன். குளத்தை மூடுறது எனக்குத் தெரியாது.”

“இப்பத் தெரிஞ்சிருச்சுல்ல,” என்றாள் அவள். “இப்பவும் கேப்பீங்களா?”

அவர் கண்முன்னால் மரப்படிகளைப் பார்க்கும் பையன்களின் முகம் வரிசையாக வந்துபோனது. “கேப்பேன்,” என்றார். “இதுக்காக ரொம்ப வருஷம் காத்திருக்கேன், ட்ரூடி.”

அவள் தலையாட்டிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். அன்றைய பாடம், அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம். பேச்சு, மதம், பத்திரிகை, கூட்டம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், கடைசியில் அரசாங்கத்திடம் மனு கொடுக்கும் உரிமைக்கு வந்தார். ட்ரூடியின் பென்சில் பேய் வேகத்தில் ஓடுவதைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரிந்தும் என்ன செய்வது? அந்த ஒரு உரிமையை மட்டும் முழுங்கிவிட முடியுமா? சொல்லித்தான் ஆகவேண்டும். கொஞ்சம் வேகமாகச் சொன்னார், அவ்வளவுதான்.

அடுத்த நாள் காலை பேக்கரியில், பிளம் ஜாம் வைத்த கொலாச்சி பன் தட்டுக்குப் பக்கத்தில், குளத்தை மூடக்கூடாது என்ற மனு உட்கார்ந்திருந்தது. வெர்ன் வழக்கம்போல ரொட்டி வாங்கப் போனவர், ஓரக்கண்ணால் பார்த்தார். மேலிருந்து மூன்றாவது கையெழுத்து அவருக்கு நன்றாகப் பழக்கமானது.

“நீயுமா?” என்றார், வீட்டுக்கு வந்து.

“ஆமா,” என்றாள் லொரெட்டா, கழுவிய தட்டைத் துடைத்தபடி. “பேனா நல்லா எழுதுச்சு.”

“என் வீட்டுக்குள்ளயேவா?”

“புருஷன் என்ன சொல்றானோ அதுக்குத்தான் பொண்டாட்டி கையெழுத்துப் போடணும்னு உன் அரசியல் சட்டத்துல எங்க இருக்குன்னு காட்டு. அழிச்சிட்டு வர்றேன்.”



ஊர் இரண்டாகப் பிரிந்தது. சண்டை என்று சொல்ல முடியாது; காப்பி குடிக்கிற இடத்தில் யார் எந்த மேசை என்பது மட்டும் மாறியது. லைல் மனுவில் கையெழுத்துப் போட்டதோடு நிற்காமல் பிக்கப் வண்டியில் பண்ணை பண்ணையாக அதை எடுத்துக்கொண்டு போனான். “நீ விளக்கு வெளிச்சத்துல ஆடவேண்டியவன்டா,” என்று வெர்ன் கேட்டதற்கு, “நான் ஜூன்ல பாஸாயிடுவேன், கோச். என் தங்கச்சிக்கு இன்னும் நீந்தத் தெரியாது,” என்றான்.

டிராக்டர் வியாபாரி ஹெர்ப் நோவோட்னி, பள்ளி அணிக்குத் துணை நிற்கும் சங்கத்தின் தலைவர். அவர் ஒருநாள் மாலை பயிற்சி முடிந்ததும் மைதான வேலியோரம் வந்து நின்றார்.

“கோச், அந்தப் பொண்ணு உங்க கிளாஸ்தானே?”

“என் கிளாஸ்தான்.”

“மார்க் போடுறது நீங்கதானே?”

வெர்ன் பந்துகளைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். கை நின்றது.

“நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல,” என்றார் ஹெர்ப். “பரீட்சை நேரத்துல இதெல்லாம் எதுக்கும்மான்னு ஒரு வார்த்தை. நீங்க சொன்னாக் கேப்பா.”

“கேப்பா,” என்றார் வெர்ன். “அதனாலதான் சொல்ல முடியாது.”

ஹெர்ப் காரில் ஏறிப் போனபிறகும் அவர் அங்கேயே நின்றார். மனசுக்குள் ஒரு மூலையில், சொன்னால்தான் என்ன என்று ஒரு குரல் கேட்டதை அவர் பிற்பாடு லொரெட்டாவிடம் மறைக்கவில்லை. பந்துப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தக் குரலோடேயே வீட்டுக்கு நடந்தார்.

அதைவிடப் பெரிய சோதனை கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு வந்தது. வகுப்பு முடிந்து எல்லோரும் போனபிறகு ட்ரூடி மட்டும் தங்கினாள். முகம் தொங்கிப்போயிருந்தது.

“மனுவைக் கொண்டுபோய்க் குடுத்தேன், கோச். அஜெண்டாவுல குளத்தைப் பத்தி எதுவும் இல்ல, விளக்கு மட்டும்தான் இருக்கு, அதனால குளத்தைப் பத்திப் பேச முடியாதுன்னு கிளார்க் சொல்லிட்டாங்க. அவ்வளவுதானா?”

ஆம் என்று ஒரு தலையசைப்பு போதும். அதுகூட வேண்டாம், தெரியவில்லை என்று தோளைக் குலுக்கினாலே போதும். விளக்கு வந்துவிடும். வெர்ன் சாக்பீஸைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு வெளியே பார்த்தார். மைதானத்தில் பனி உருகி, புல் பச்சை காட்டத் தொடங்கியிருந்தது.

“அவ்வளவுதான் இல்ல,” என்றார் கடைசியில். “அஜெண்டாவைக் கூட்டத்துக்கு முந்தின நாள் வரைக்கும் மாத்தலாம். குளத்தையும் சேருங்கன்னு எழுதிக் கையில குடு. வாயால சொல்லாத, எழுதிக் குடு. இன்னிக்கே போ. அஞ்சு மணிக்கு ஆபீஸ் மூடிடும்.”

அவள் அவரையே பார்த்தாள். “ஏன் சொல்றீங்க?”

“நீ கேட்டியே,” என்றார். “ஓடு, மணியாகுது.”

ஊர்சபை கூடுவது தீயணைப்பு வண்டி நிற்கும் கொட்டகையில். அன்றைக்கு வண்டியை வெளியே நிறுத்திவிட்டு நாற்காலி போட்டும் இடம் போதவில்லை. உள்ளே கிடந்த பழைய டயர் மேலும் ஏணி மேலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் வெர்ன் பேசினார். வெறும் படிகளைப் பார்க்கும் பையன்களைப் பற்றிச் சொன்னார். நாள் முழுக்க வயலில் கிடக்கிற அப்பன், மகன் ஓடுவதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டாமா என்றார். கொட்டகையில் பல ஆண்கள் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். லொரெட்டாகூட மூக்கை உறிஞ்சினாள்.

அடுத்து ட்ரூடி. எழுந்து நின்றாள், காகிதத்தை விரித்தாள். குரல் வரவில்லை. காகிதம் மட்டும் படபடத்தது. யாரோ இருமினார்கள். ஹெர்ப் கடிகாரத்தைப் பார்த்தார்.

வெர்ன் யோசிக்கவே இல்லை. தடுமாறுகிற ஆட்டக்காரனைப் பார்த்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும் பழக்கம். “காகிதத்தை மடிச்சு வை, ட்ரூடி,” என்றார் இரண்டாம் வரிசையிலிருந்து. “மூச்சை இழுத்து விடு. யாராவது ஒருத்தர் மூஞ்சியைப் பாத்துப் பேசு.”

அவள் மடித்து வைத்தாள். பார்ப்பதற்கு அவர் முகத்தையே எடுத்துக்கொண்டாள்.

“இந்தக் குளத்தை வெட்டினது முப்பத்தாறுல,” என்று தொடங்கினாள். “அப்ப மழையே கிடையாது. விளைச்சல் கிடையாது, வேலை கிடையாது. அரசாங்கம் கூலி குடுத்தது, நம்ம ஊர் ஆம்பளைங்க மண்வெட்டி எடுத்தாங்க. சாப்பாட்டுக்கே வழியில்லாத வருஷத்துல, பிள்ளைங்க நீந்தட்டும்னு ஒரு குளம் வெட்டினாங்க. அதுல மூணு பேரு இன்னும் இந்த ஊர்லதான் இருக்காங்க. நாங்க போய்ப் பேசினோம்.” கொஞ்சம் நிறுத்தினாள். “ஒண்ணு மட்டும் கேக்குறேன். அந்தக் குளத்துல நீந்தக் கத்துக்கிட்டவங்க கையைத் தூக்குங்க.”

கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. டயர் மேல் இருந்தவர்கள், ஏணி மேல் இருந்தவர்கள், மேசைக்குப் பின்னால் இருந்த ஊர்சபை உறுப்பினர்களில் நான்கு பேர். ஹெர்ப் நோவோட்னி தன் கையை மடியிலேயே வைத்திருந்தார். அவர் மனைவி முழங்கையால் இடித்ததும் அதுவும் எழுந்தது.

வெர்ன் மணல்மேட்டுக்காரர். அங்கே மாடு தண்ணீர் குடிக்கும் தொட்டியைத் தவிர வேறு நீரைப் பார்த்ததில்லை. கல்யாணமான முதல் கோடையில், இடுப்பளவு தண்ணீரில், சுற்றிலும் குழந்தைகள் சிரிக்க, லொரெட்டாதான் அவர் வயிற்றுக்கு அடியில் கையைக் கொடுத்து நீந்தப் பழக்கினாள். இப்போது அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். வெர்ன் கையைத் தூக்கினார்.

ஓட்டெடுப்பில் குளத்துக்கு மூன்று, விளக்குக்கு இரண்டு. கொட்டகையில் கைதட்டல் எழுந்தது. லைல் ட்ரூடியைத் தூக்கிக்கொண்டு போய், வெளியே நின்ற தீயணைப்பு வண்டியின் படியில் நிறுத்தினான்.

“நீங்களே தீனி போட்டு வளத்தீங்க, கோச்,” என்றார் ஹெர்ப், வெளியே போகும்போது.

“தெரியுது, ஹெர்ப்.”

பெருந்தன்மையாக வீட்டுக்குப் போய்ச் சிரித்தார் என்று சொன்னால் பொய். இரண்டு நாள் வீட்டுக் கொட்டகைக் கதவை இழுத்துச் சாத்துவதும், காரைத் தேவையில்லாமல் கழுவுவதுமாக இருந்தார். லொரெட்டா அவர் தட்டில் பிடித்ததை வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் விட்டுவிட்டாள். மூன்றாம் நாள் வகுப்புக்குப் போனதும் கரும்பலகையில் 3–2 என்று பெரிதாக எழுதினார்.

“இதுல ரெண்டு நான்,” என்றார். “ஜெயிச்சா என்ன பண்ணணும்னு எல்லாருக்கும் தெரியும். தோத்தவன் என்ன பண்ணணும்? சொல்லுங்க.”

ஒருவன், “வழக்கு போடலாம்” என்றான். “எதுக்கு? யாரும் எதையும் மீறலையே,” என்றார். “இன்னொரு மனு போடலாம்.” “போடலாம்.” “பணம் வேற எங்கயாவது கிடைக்குமான்னு தேடலாம்.” “தேடலாம்.” லைல் நாற்காலியைப் பின்னால் சாய்த்துக்கொண்டு சொன்னான்: “நவம்பர்ல ஊர்சபைக்கு எலெக்‌ஷன் வருது. நீங்களே நில்லுங்களேன்.”

வகுப்பு சிரித்தது. வெர்னும் சிரித்தார், இரண்டு நாளில் முதல் தடவையாக. சிரித்து முடித்தபோது, அந்த யோசனை மட்டும் போகாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

அவர் நின்றார். கோடை முழுக்க வீடு வீடாகப் போனார். கதவைத் தட்டுவது அவருக்குப் பழக்கமில்லாத வேலை; முதல் வாரம் கதவு திறந்ததும் என்ன சொல்வது என்று தெரியாமல் சோளம் எப்படி என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினார். மதியவேளைகளில் குளத்தில் ரிப்பேர் வேலை நடந்தது. விரிசலுக்குப் பூச்சு வேலை செய்ய ஆள் குறைந்தபோது, அணிப் பையன்களை உடற்பயிற்சி என்று சொல்லிக் கூட்டிப்போய்ச் சிமெண்டு சுமக்க வைத்தார். ஜூலை மாதம் தண்ணீர் நிரப்பினார்கள். முதல் நாள் கூட்டத்தில், லைலின் தங்கை அவர் கையைப் பிடித்துக்கொண்டு கால் உதைத்துப் பழகினாள். உயர நாற்காலியிலிருந்து ட்ரூடி விசிலை ஊதி, “கோச், ஓரத்துல ஓடாதீங்க, ரூல் எல்லாருக்கும்தான்,” என்று சத்தம் போட்டாள்.

இலையுதிர்காலத்தில் அவளுக்குப் பதினெட்டு வயது ஆனது. லிங்கன் நகரத்துக் கல்லூரியில் சேர்ந்திருந்தவள், முதல் ஓட்டைச் சொந்த ஊரில் போட வேண்டும் என்று பேருந்து பிடித்து வந்தாள். வாக்குச்சாவடி வாசலில் வெர்ன் அவளைப் பார்த்தார்.

“யாருக்குப் போட்ட?”

“ரகசிய ஓட்டு, கோச். பரீட்சையில நீங்கதானே கேட்டீங்க, அது ஏன் ரகசியம்னு?”

“சும்மா ஒரு ஜாடையாவது காட்டு.”

“முழு மார்க் வாங்கின பதில் அது. கெடுத்துக்க மாட்டேன்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வெர்ன் ஜெயித்தார். அதிக வித்தியாசம் இல்லை, ஆனால் ஜெயித்தார். மைதானத்துக்கு விளக்கு வர இன்னும் சில ஆண்டுகள் ஆயின. பக்கத்துப் பெரிய ஊர்ப் பள்ளி புதுக் கம்பங்கள் போட்டபோது, பழையவற்றை அவர் பேசி வாங்கினார்; ஹெர்ப் நோவோட்னியின் டிராக்டரில் கட்டி இழுத்து வந்தார்கள். அந்த முதல் இரவு ஆட்டத்தில் அணி படுமோசமாகத் தோற்றது. படிகளில் மட்டும் உட்கார இடம் இல்லை.

ஆனால் அதெல்லாம் பிற்பாடு. ஊர்சபை உறுப்பினராக அவர் உட்கார்ந்த முதல் கூட்டத்துக்கு, ஜனவரிக் குளிரில், அவருடைய அந்த ஆண்டு வகுப்பு மொத்தமும் பிஸ்கட்டுக்காக வந்திருந்தது. முதல் விவகாரம் மிஸஸ் வான்யாவின் வாத்துகள். அவை தெருவில் போகிற தபால்காரரைக் கடிக்கின்றன, அடைத்து வைக்க உத்தரவு போடவேண்டும் என்று ஒரு மனு. வாத்துக்காரி எழுந்து, தபால்காரர்தான் முதலில் அவற்றை முறைத்தார் என்றாள். தபால்காரர் எழுந்து கால்சட்டையை முழங்கால்வரை தூக்கிக் காட்டினார். ஆளாளுக்குப் பேச, கூட்டம் ஒரு மணிநேரம் அதிலேயே நின்றது. வெர்ன் முழங்கையை மேசையில் ஊன்றி, இரண்டு பக்கத்தையும் கடைசி வார்த்தைவரை கேட்டார். இருமுறை சந்தேகம் கேட்டார். பிறகு நன்றாக யோசித்து வாத்துகளின் பக்கம் கை தூக்கினார்.

நாலுக்கு ஒன்று. அவர்தான் அந்த ஒன்று.

பின்வரிசையில் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதை அவர் பார்த்தார். “அடுத்த விஷயம் என்ன?” என்று கேட்டு, நாற்காலியை மேசைக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.